பையன் முறையாகக் கற்றுக்கொள்ளட்டும், அம்மா!

"அண்ணா, நீ சொன்னாத்தான் அவன் கேப்பான். 'பைக் ரேஸ் மைதானத்துக்கெல்லாம் போனா முதுகெலும்பு போயிடும்'னு ஒரு வார்த்தை சொல்லிடு."

என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மறைமலைநகர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டரில் போன என் மாப்பிள்ளை வீடு திரும்பவில்லை. அன்று அவருடைய ஹெல்மெட் சீட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இப்போது இருபத்துநாலு வயது. வேலைக்குப் போய் மாதத் தவணையில் பைக் வாங்கிவிட்டான். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் பணமும் கட்டிவிட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போகட்டும். நானும் கூடப் போறேன்" என்றேன். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே ஓடுகிற பந்தயம்

செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்துக்காரர்களுக்கு ஞாயிறு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்று தெரியும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் பைக்குகள் பறக்கும். அதே ரோட்டில் மீன் கூடையோடு குறுக்கே நடக்கிற அம்மா இருப்பார். கோயிலுக்குப் போகிற பெரியவர் இருப்பார். மாடு படுத்திருக்கும். என் மருமகனும் அந்தக் கூட்டத்தில் போய்வருகிறவன்தான். அது அவன் அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"போகாதே" என்று சொல்லி நின்ற பிள்ளை எத்தனை பேர்? வீட்டில் சொல்லாமல் போவான், அவ்வளவுதான். எதிரே லாரி வராத, ஓரத்தில் மரம் இல்லாத, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிற ஓர் இடத்தில், ஒரு வாத்தியார் முன்னால் அவன் ஓட்டிப் பார்த்தால் என்ன? இதுதான் என் கணக்கு.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். எந்தத் தொற்றுநோயாவது வருஷா வருஷம் இத்தனை உயிரை எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

கார் ஓட்டப் பள்ளிக்கூடம் போகிறோம். நீச்சலுக்கு ஆள் வைக்கிறோம். பைக்? அண்ணனோ நண்பனோ தெருவில் பின்னால் ஓடிவந்து, "கிளட்ச்சை மெதுவா விடுடா" என்று சொன்னதோடு படிப்பு முடிந்தது. அப்புறம் எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ். எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது சாயாமல் இருக்கத் தெரியுமா என்று பார்க்கிற சோதனை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே குழந்தை ஓடிவந்தால் எப்படி நிறுத்துவது? அதை யாரும் கேட்பதில்லை, நமக்கும் தெரிவதில்லை.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது, நாடி பார்க்கிற விரலை எங்கே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதற்கே மாதக்கணக்கில் பழக்கினார்கள். உயிரோடு விளையாடுகிற வண்டிக்கு ஒரு நாள் பழக்கம்கூட நமக்கு அதிகமாகத் தெரிகிறதே!

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள்

விடியுமுன் கிளம்பி, சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனோம். ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தயாராகிற தொழிற்சாலை அந்த ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் பைக் செய்து அனுப்புகிற நம் பக்கத்தில், அதை ஓட்டக் கற்றுக் கொடுக்கிற இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்!

1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துச் சோழவரம் ரேஸ் ஞாபகம் இருக்கும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவுகள்.

போனவுடன் வண்டியைச் சோதித்தார்கள். டயர், செயின், பிரேக் எல்லாம் பார்த்தார்கள். முகப்பு விளக்குக் கண்ணாடி உடைந்தால் தளத்தில் சிதறக்கூடாது என்று டேப் ஒட்டச் சொன்னார்கள். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றியாயிற்று. "பின்னால் வருகிறவனைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம், முன்னால் பார்" என்பது அர்த்தம். பிறகு கொடிகளின் பாடம்: மஞ்சள் என்றால் ஆபத்து, நிதானி. சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்து. கட்டம் போட்ட கொடி என்றால் முடிந்தது. புதியவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்தார்கள். கொஞ்ச நேரம் ஓட்டம், அப்புறம் வகுப்பறை, மறுபடி ஓட்டம்.

முதல் சுற்று முடிந்து வந்த பையன் தோல் உடைக்குள் வியர்வையில் குளித்திருந்தான். "எப்படிடா இருந்தது?" என்றேன்.

"மாமா, எனக்கு பிரேக் பிடிக்கவே தெரியலை மாமா."

ஐந்து வருஷமாக ஓட்டுகிறவன் சொன்ன வார்த்தை இது. கட்டிய பணத்துக்கு இது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது.

பயம் வந்தால் உடம்பு செய்கிற தப்பு

அந்த வகுப்பறையில் பின் வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டேன். வாத்தியார் சொன்னதில் பாதி, வைத்தியன் தினமும் பார்க்கிற விஷயம். பயம் வந்தால் மனித உடம்பு என்ன செய்யும்? மூச்சு நிற்கும். கை இறுகும். கண் பயந்த பொருளிலேயே குத்திட்டு நிற்கும். புலியைக் கண்டு மரத்தில் தொத்துகிறவனுக்கு இறுகிய கை சரி. பைக்கில் இதுவே எமன்.

எந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுகிறோமோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அதிலேயே போய் இறங்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால், தானாகச் சமாளித்துக்கொள்ள வேண்டிய வண்டி தடுமாறும். வளைவின் நடுவில் பதறி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ பிரேக்கை அமுக்கினாலோ வண்டி நிலை குலையும். அமெரிக்காவில் 1980-ல் பைக் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கீத் கோட் என்பவர் இந்தத் தப்புகளை வரிசைப்படுத்தி, அதன் மேலேயே தன் பாடத்தைக் கட்டியிருக்கிறார். அந்தப் பள்ளி இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது.

இதற்கு மருந்து? பழக்கம்தான். கண்ணை வளைவின் முடிவுக்கு அனுப்பு. கையைத் தளர்த்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை. மூச்சை விடு. வாசியைப் பிடித்தால் மனம் அடங்கும் என்பது நம் சித்தர் வழி. தோல் உடை போட்ட வாத்தியாரும் அதையே வேறு பாஷையில் சொன்னார்!

"வேகம் கற்றுக்கொண்டு ரோட்டில் காட்டமாட்டானா?"

நியாயமான கேள்விதான். ஒரு நாள் பயிற்சியில் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று தலைக்கனம் ஏறுகிறவனும் உண்டு. தளத்தில் ஆபத்தே கிடையாது என்றும் நான் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்டில் இதே தளத்தில் நடந்த பந்தயத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் விழுந்து இறந்துபோனான். பந்தயம் வேறு, பயிற்சி வேறு. ஆனாலும் பிள்ளையை எந்த வயதில், எதற்கு அனுப்புகிறோம் என்று பெற்றோர் யோசித்தே ஆகவேண்டும். என் ஆதரவு, லைசென்ஸ் வாங்கிய பெரியவர்களின் பயிற்சிக்கு மட்டும்தான்.

என் மருமகன் விஷயத்தில் ஒன்று பார்த்தேன். ஆசை தீர வேகமாக ஓட்ட ஓர் இடம் கிடைத்த பிறகு, ஞாயிறு விடியற்காலைக் கூட்டத்தில் அவன் சேர்வதில்லை. "அங்க ஒரு வளைவுக்கே அவ்வளவு யோசிக்கணும் மாமா. ரோட்ல மாடு எங்கேருந்து வரும்னு யாருக்குத் தெரியும்?" என்கிறான். எல்லாப் பிள்ளைகளும் இப்படி மாறுவார்கள் என்று உத்தரவாதம் தரமாட்டேன். கற்காதவனைவிடக் கற்றவன் தேவலை, அவ்வளவுதான் என் வாதம்.

பணம் கட்ட முடியாதவர்கள்?

பந்தயத் தளம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் பிரேக் பாடத்துக்குக் காலி மைதானம் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் வண்டி சுமார் 55 அடி போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் நாலு மடங்காகும்.

நானும் முப்பது வருஷமாகக் கால் பிரேக்கையே நம்பியவன். முன் பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளும் என்று பயம். உண்மையில், நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். சட்டென்று பிடுங்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி படிப்படியாக அழுத்தவேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, 20 கிலோமீட்டரில் தொடங்கி, நேர்க்கோட்டில், காய்ந்த தரையில் பழகினேன். பிறகு 30-ல், கால் பிரேக் மட்டும் பிடித்து நின்ற இடத்துக்கும் இரண்டும் சேர்த்துப் பிடித்து நின்ற இடத்துக்கும் ஆறு தப்படி வித்தியாசம். அந்த ஆறு தப்படியில் ஒரு குழந்தை பிழைக்கும் ஐயா!

வைத்தியனாகச் சில வார்த்தை

பயிற்சிக்கு முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். காலையில் இட்லி போல இலேசான ஆகாரம் போதும். வெயிலில் தோல் உடைக்குள் வியர்வை கொட்டும். ஒவ்வொரு இடைவேளையிலும் தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் குடியுங்கள். தலை சுற்றினால் அன்று வண்டியைத் தொடாதீர்கள். ஜலதோஷ மாத்திரை சிலவற்றுக்குத் தூக்கம் வரும், கவனம். மறுநாள் மணிக்கட்டும் தோளும் இடுப்பும் வலித்தால் நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுக்கலாம்.

ஆனால் விழுந்து தலையில் அடி, மயக்கம், கை கால் மரத்துப்போதல் என்றால் எண்ணெயும் வேண்டாம், கட்டும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். சித்த வைத்தியனே சொல்கிறேன், அந்த நேரத்தில் போகவேண்டிய இடம் பெரிய ஆஸ்பத்திரிதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நாங்கள் பழகுகிற மைதானத்துக்கு வந்தாள். "எனக்கும் அந்த முன் பிரேக்கைச் சொல்லிக் கொடுடா" என்றாள் மகனிடம். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டியிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இன்று வண்டியை எடுப்பார்கள். "சீக்கிரம் வா" என்று சொல்லி அனுப்புவதை நிறுத்துங்கள். அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள்.