முட்டையைப் புரட்டாதீர்!

சென்ற மாரியின் முதல் மழை பெய்து மண் இளகியிருந்த ஒரு காலைப்பொழுது. பெரியநீலாவணையில் எமது வளவிலே தென்னம்பிள்ளை நடுவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். சற்றுநேரம் நாம் கிணற்றடிக்குச் சென்றிருந்த வேளையில், அயல்வீட்டுச் சிறுவன் ஒரு சிரட்டையை ஏந்திக்கொண்டு ஓடிவந்தான்.

“மாமா, குழிக்குள் பச்சோந்தி முட்டை! எங்கள் அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கப்போகிறேன்” என்றான்.

சிரட்டைக்குள் பன்னிரண்டு முட்டைகள் கிடந்தன. வெண்மையானவை, நீண்டவை, தோல்போல மென்மையானவை.

நம்மவர் பச்சோந்தி என்று சுட்டுவது பெரும்பாலும் ஓணானையே. ஓணானும் நிறம் மாறும். உண்மையான பச்சோந்தியோ வேறு இனம். அதன் கண்கள் இரண்டும் வெவ்வேறு திசையில் சுழலும், விரல்கள் குறடுபோலக் கிளையைப் பற்றும், வால் சுருளும், நாக்கு உடலின் நீளத்துக்கு மேலும் நீளும். நாள்தோறும் ஓணான்கள் வேலியில் தலையாட்டும் அவ்வளவில், முட்டைகளும் அவற்றினுடையவை என்றே நாம் கருதினோம். எனினும் ஒன்றில் இரண்டும் ஒத்தவை. தாய் மரத்தைவிட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது தாயன்று, மண்ணே.

கோழி அடைகாக்கும் முட்டையின் சூடு ஏறக்குறைய 38 பாகை செல்சியசு. அத்துடன் கோழி தன் முட்டைகளை நாளில் பலமுறை புரட்டிவிடும். புரட்டாவிடின் கரு ஓட்டுடன் ஒட்டிவிடும். ஊர்வனவற்றின் கதை நேர்மாறானது. முட்டையிட்ட சிறிது காலத்தில் கரு மேற்புறத்தில் நிலைகொள்கிறது. பின்னர் புரட்டினால் பல இனங்களில் அது இறந்துபோகலாம். மேலும் அம்மென்மையான ஓடு மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது. காய்ந்தால் சுருங்கும், நீரில் மூழ்கினால் மூச்சு முட்டும்.

இதனை நாம் அறிந்தது பிழைசெய்தே. எமது பள்ளிப் பருவத்தில் இத்தகைய முட்டைகளைத் தும்பு நிரப்பிய பேணியில் வைத்து, கோழியைப் பின்பற்றி நாள்தோறும் புரட்டி, நீரும் ஊற்றினோம். பத்தாம் நாள் பூஞ்சணம் படர்ந்தது. ஒன்றேனும் பொரிக்கவில்லை. ஈர்க்குச் சுருக்கினால் ஓணான் பிடித்த எமக்கு அன்றுதான் முதன்முறையாக மனம் வருந்தியது.

மேனாடுகளில் யெமன் நாட்டுப் பச்சோந்தியின் முட்டைகளை வீட்டிலேயே பொரிக்கச்செய்வோர் உளர். ஈரமான கனிமத் துகள் நிரப்பிய பெட்டியில், புரட்டாமல், ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருப்பர். மடகஸ்கார் தீவின் லபோர்ட் பச்சோந்தியோ எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள் இருந்து, வெளிவந்தபின் நாலைந்து மாதமே உயிர்வாழ்கிறது. இவ்வியப்பை ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் வாழ்நாளிற் பெரும்பகுதி முட்டைக்குள்ளேயே கழிகிறது! முட்டையைச் சிதைப்பவர் எவ்வளவைச் சிதைக்கிறார் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எமது நாட்டுப் பச்சோந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதனைப் பிடித்து வளர்ப்பதோ, முட்டைகளை எடுத்து வைத்திருப்பதோ தகாது. ஆகவே பொரிக்கும் ஆசையைவிடக் கலைக்காத பொறுமையே நமக்கு வேண்டும்.

தென்னங்குழி தோண்டியாகிவிட்டதால் அச்சிறுவனின் முட்டைகளை இருந்த இடத்தில் மீண்டும் வைக்க இயலவில்லை. மேற்புறம் எதுவென்று அவன் பார்த்திருக்கவுமில்லை. ஒவ்வொன்றின் மேலும் கரிக்கோலால் மெல்லப் புள்ளியிட்டோம், இனியேனும் புரளாதிருக்க. மழைநீர் தேங்காத மேட்டில், அதே ஆழத்தில், ஈரமண்ணுள் வைத்து மூடி, நாயும் கோழியும் கிளறாதிருக்க முள்ளுக்கிளை இட்டோம். ஓணான் முட்டை பொரிக்க ஆறு ஏழு கிழமை செல்லும் என்றோம்.

நாள்தோறும் வந்து பார்த்தான், தோண்டவில்லை. ஏழாவது கிழமையில் ஒருநாள் விடியற்காலையில் எம்மை எழுப்பினான். முள்ளுக்கிளையின்மேல் விரல்நீளக் குஞ்சுகள் ஐந்து, வெயிலை நோக்கித் தலைதூக்கி இருந்தன.

“மற்ற ஏழும் என்னால் செத்தனவோ, மாமா?” என்று கேட்டான்.

ஆமென்று கூறவும் மனம் வரவில்லை. இல்லையென்று பொய்யுரைக்கவும் மனம் வரவில்லை. “இனி மண்ணில் எதைக் கண்டாலும் முதலில் எம்மைக் கூப்பிடு” என்றோம். தலையசைத்தான். வேலியோரம் ஓணானுக்குக் கல்லெறிந்துகொண்டிருந்த தன் தோழரைத் தடுப்பதற்கு உடனே ஓடினான்.