பாய்லருக்கு நல்ல தண்ணீர்! பாட்டாளிக்கு உப்புத் தண்ணீரா?

வளவனூரில் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. வருகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அடுப்பங்கரையில் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். வெந்நீர்ப் பானையின் உட்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துக் கிடக்கிறது. துவரம் பருப்பு லேசில் வேகாது, எரிவாயுதான் தீருகிறது. சோப்பு தேயத் தேய நுரை வராமல் திரிதிரியாய்த் துணியில் ஒட்டுகிறது. தவணையில் வாங்கிய வெந்நீர் ஹீட்டரில் பொருக்கு ஏறி, தவணை முடியுமுன்பே எரிந்து போகிறது. “நம்ம ஊர்த் தண்ணி அப்படி” என்று ஜனங்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

இது தலைவிதியல்ல. ஆழ்துளைக் கிணற்று நீர் பூமிக்கடியில் நெடுநாள் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. காய்ச்சினால் அதில் ஒரு பகுதி சுண்ணாம்புக் கல்லாகிப் பாத்திரத்தில் படிகிறது. இதுதான் கடினநீர்.

குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் ஒன்று உண்டு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. 600 என்றால் என்ன? ஒரு குடம் 15 லிட்டர். ஒரு வீட்டிற்கு நாளொன்றுக்குப் பத்துக் குடம். கணக்குப் போட்டால், தினமும் 90 கிராம், வருஷத்திற்குச் சுமார் 33 கிலோ சுண்ணாம்பை நமது தாய்மார்கள் இடுப்பில் சுமக்கிறார்கள்!

புதுவை ஏ.எப்.டி. ஆலை 2020ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் எந்தப் பஞ்சாலையிலாவது பாய்லரடியில் வேலை பார்த்த தோழரைக் கேளுங்கள். கடினநீரை அப்படியே பாய்லருக்குள் விடுவார்களா? விட்டால் குழாய்களில் கல் படியும், எரிபொருள் வீணாகும், சூடு தாங்காமல் குழாய் வெடிக்கும். ஆகவே தண்ணீரை மென்மையாக்கித்தான் விடுகிறார்கள். பாய்லரைப் பரிசோதிக்க 1923லேயே தனிச் சட்டம் வந்தது. அந்தப் பாய்லருக்குத் தீ மூட்டும் தொழிலாளியின் வீட்டுப் பானையைப் பரிசோதிக்க யார் வந்தார்கள்?

நாம் பீதி கிளப்ப விரும்பவில்லை. கடினநீர் விஷமல்ல. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. இந்த அளவுகளில் கடினத்தன்மை மட்டுமே உடல்நலத்திற்குக் கேடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறவில்லை. ஆனால் கூலிக்காரனின் மடிச்சீலைக்கு அது கேடு என்பதில் சந்தேகமேயில்லை. சோப்புக்கு, எரிவாயுவுக்கு, ஹீட்டருக்கு என்று தினந்தோறும் ஒரு மறைமுக வரி!

இந்த வரியிலிருந்து தப்ப, பணமுள்ளவர் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கிறார். அதுவும் ஒரு குடம் நல்ல நீர் தர இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுகிறது. பணமில்லாதவர் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார். குழாய்த் தண்ணீர் கெட்டால் கேன் வியாபாரம் கொழிக்கிறது.

‘வேறு நீராதாரம் இல்லாத இடத்தில்’ என்ற வாசகத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. விழுப்புரம் ஜில்லாவில் வேறு ஆதாரமே இல்லையா? தென்பெண்ணை ஓடவில்லையா? ஏரிகள் இல்லையா? வானத்திலிருந்து விழும் மழைநீரில் கடினத்தன்மை ஏது? நிலத்தடியில் ஊறும் ஆற்றுநீரைப் பெருக்கவென்று தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020ல் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியிலேயே உடைந்தது. ஆறு நம்மைக் கைவிடவில்லை. அணை கட்டியவர்கள்தான் கைவிட்டார்கள்! மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003ல் வந்தது. சட்டப்படி வைத்த குழாய்களில் எத்தனை இன்று அடைத்துக் கிடக்கின்றன?

நாம் கோருவது இதுதான்: ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்று நீரையும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, தண்ணீர்த் தொட்டியடியிலேயே ஒட்ட வேண்டும். 200க்கு மேல் போகுமிடத்தில் ஆற்றுநீரைக் கலந்து வழங்க வேண்டும். கோடையில் ஏரிகளைத் தூர்வாரி, வரத்து வாய்க்கால்களை மீட்க வேண்டும். பள்ளி, சத்திரம், அரசுக் கட்டடங்களின் மழைநீர்த் தொட்டிகளைச் செப்பனிட வேண்டும்.

இவை நிறைவேறும் வரை, பானைப் பொருக்கைப் புளித்தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம். அது நம் பெண்கள் அறிந்த வைத்தியம். ஆனால் புளி கரைத்துக்கொண்டே காலம் தள்ள முடியாது. அடுத்த கிராம சபையிலும் பேரூராட்சி வாசலிலும் மனுவை மட்டும் கொண்டுபோகாதீர்கள், தோழர்களே! பொருக்குப் பிடித்த அந்தப் பானையையும் தூக்கிக்கொண்டு போங்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.