ஒரே பிரிட்ஜில் இரண்டு இன்சுலின்: அம்பிட்டியவிலிருந்து சில குறிப்புகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது, அம்பிட்டியவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலும் மின்சாரம் நின்றது. கண்டி நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் மண் சரிந்து மரம் விழுந்த அந்த நாட்களில் அந்தத் தூரம் மிக நீண்டதாக இருந்தது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட அந்த அனர்த்தத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று.

வீட்டுக்காரரின் பிரிட்ஜைத்தான் நானும் பாவிக்கிறேன். அதன் கதவுத் தட்டில் அப்போது இரண்டு இன்சுலின்கள் இருந்தன. ஒன்று வீட்டுக்கார ஆச்சியுடையது. எழுபதைத் தாண்டிய சிங்களப் பெண்மணி. அரச கிளினிக்கில் மாதாமாதம் வாங்கும் குப்பி. மற்றது என் பூனையுடையது.

ஆம், பூனையுடையதுதான். கறுவல் என்று பெயர். வயது பதினொன்று. நலமடிக்கப்பட்ட, சற்றுப் பருத்த கடுவன். 2025 நடுப்பகுதியில் அது சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. மணல் பெட்டி ஒவ்வொரு நாளும் நனைந்து கட்டியாகியது. வயிறு நிறையச் சாப்பிட்டும் மெலிந்தது. பிறகு பின்னங்கால்களின் குதி நிலத்தில் படும்படி தாழ்ந்து நடந்தது. சீனி வருத்தம் நரம்பைத் தாக்கும்போது பூனைகளிடம் காணப்படும் நடை அது.

இதை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. முள்ளிவாய்க்காலில் மருந்தில்லாமல் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் படிக்கும் தளத்தில், ஒரு பூனையின் மருந்தைப் பற்றி எழுதுவதா? ஆனால் அந்தப் பிரிட்ஜின் கதவைத் திறந்து பார்த்த இரவில் எனக்கு எழுந்த கேள்விகள் பூனையோடு நிற்கவில்லை.

ஒரே மருந்து, வேறு வேறு வரிசை

பூனைக்கென்று தயாரிக்கப்படும் இன்சுலின் உலகில் உண்டு. ஆனால் பல நாடுகளில் மிருக வைத்தியர்கள் பூனைகளுக்குப் பரிந்துரைப்பது மனிதர் பாவிக்கும் கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலினைத்தான். அதாவது பூனை வளர்ப்பவரும் ஆச்சியும் போய் நிற்பது ஒரே விநியோகச் சங்கிலியின் முன்னால்.

அந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை 2022 காட்டியது. தன் மருந்துகளில் 80 வீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. 2022 மார்ச்சில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அதே வாரத்தில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் பார்த்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர், என்ன உதவி தேவை என்று விசாரிக்கும்படி கொழும்பிலுள்ள தன் தூதரகத்திடம் பகிரங்கமாகவே சொன்னார். ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது.

தட்டுப்பாட்டுக்குப் பின்னால் தரம் பற்றிய சந்தேகம் வந்தது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பான விசாரணையில் முன்னாள் சுகாதார அமைச்சரும் கண்டி மாவட்ட அரசியல்வாதியுமான கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 ஆம் திகதி கைது செய்யப்பட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊர் பாமசியில் குப்பியின் காலாவதித் திகதியை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இலங்கையில் வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இப்படியொரு நாட்டில் பூனைக்கு இன்சுலின் கொடுப்பது, யாரோ ஒருவரின் பங்கைப் பிடுங்குவதா?

கணக்கைப் பார்ப்போம்

ஒரு பூனைக்கு வழமையாக ஒரு வேளைக்கு ஒரு அலகு அளவில், 12 மணிநேரத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பிப்பார்கள். நாளொன்றுக்கு 2 அலகு. 28 நாளைக்கு 56 அலகு. நாளொன்றுக்கு 40 அலகு எடுக்கும் ஒரு மனிதருக்கு அது ஒன்றரை நாள் மருந்து கூட இல்லை.

ஆனால் மருந்து அலகாக விற்கப்படுவதில்லை. 10 மில்லிலீற்றர் குப்பியில் 1000 அலகு இருக்கிறது. திறந்த குப்பியை ஏறத்தாழ நான்கு கிழமைக்குள் பாவிக்கச் சொல்கிறது அதன் பெட்டி. அந்தக் கணக்கில் பூனைக்காரர் 944 அலகை வீசுகிறார். 3 மில்லிலீற்றர் காட்ரிட்ஜில் 300 அலகு. அதில் வீண்போவது 244. ஆகவே பூனை குடிப்பது சிறிது, வீணாவதுதான் பெரிது. பேனாவுக்குரிய சிறிய காட்ரிட்ஜை வாங்குவதும், அதை எத்தனை நாள் பாவிக்கலாம் என்று மிருக வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் காசை மட்டும் மிச்சப்படுத்தும் காரியமல்ல.

இன்னொரு கோட்டையும் நான் போட்டுக்கொண்டேன். கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் இன்சுலினில் ஒரு சொட்டும் பூனைக்குப் போகக் கூடாது. அது வரிசையில் நிற்கும் மனிதருக்கானது.

ஊசியில் உள்ள பொறி

வீட்டில் பூனைக்கு ஊசி போடுவது பயப்படும் அளவுக்குக் கடினமல்ல. கழுத்துக்குப் பின்னால் அல்லது விலாப் பக்கமாகத் தோலைக் கூடாரம் போல் தூக்கி, மெல்லிய ஊசியைச் செலுத்தினால் போதும். சாப்பாட்டில் மூக்கை வைத்திருக்கும் பூனை அதைக் கவனிப்பதே இல்லை. ஆபத்து இருப்பது சிரிஞ்சில்.

மிருகங்களுக்கான சில இன்சுலின்கள் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டவை. மனிதருக்கான கிளார்ஜின் 100 அலகு கொண்டது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 100 அலகு மருந்தை 40 அலகு சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது இரண்டரை அலகு. நாலு கிலோ உயிருக்கு அது ஆபத்தான அளவு. மறுபுறம், 40 அலகு மருந்தை 100 அலகு சிரிஞ்சில் எடுத்தால் அரை அலகு கூடப் போகாது. இந்தியாவில் மனிதருக்கே 40 அலகுக் குப்பிகள் பரவலாக விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கையில் மருந்து கொண்டுவரும் வழக்கம் எங்களிடம் உண்டு என்பதால் இந்த எச்சரிக்கை பூனைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

சீனி கூடுவதைவிடத் திடீரெனக் குறைவதுதான் உடனடி ஆபத்து. பூனை தள்ளாடினால், சோர்ந்து விழுந்தால், வலிப்பு வந்தால் ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறுவதால் வரும் கேடு, இரண்டு தடவை போடுவதால் வரும் கேட்டைவிடச் சிறியது. பூனை சாப்பிடாத வேளையில் வழமையான அளவை அப்படியே போடாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். மனிதருக்கான மெற்போமின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் தீர்வல்ல.

சாப்பாடு பாதி மருந்து. பூனை இறைச்சி தின்னும் பிராணி. எங்கள் வீடுகளில் அதற்குக் கிடைப்பதோ சோறும் மீன் குழம்பின் மிச்சமும், அல்லது மாச்சத்து நிறைந்த உலர் தீன். நீரிழிவுப் பூனைக்கு மாச்சத்துக் குறைந்த, புரதம் கூடிய ஈரத் தீன் நல்லது. இறக்குமதிப் பேணி வாங்க வசதியில்லாதவர்கள் சோற்றை நிறுத்தி அவித்த கோழியும் மீனும் முட்டையும் கொடுக்கலாம். ஆனால் வெறும் இறைச்சியில் கல்சியம் போன்றவை போதாது என்பதால் வைத்தியரின் ஆலோசனையோடுதான். இதில் பலர் விடும் பிழை ஒன்று உண்டு: ஊசி தொடங்கிய பிறகு ஒரே நாளில் சோற்றை நிறுத்துவது. மாச்சத்துக் குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவு அப்போது விஷமாகிவிடும்.

நேரத்துடன் சிகிச்சை தொடங்கி, சாப்பாட்டையும் மாற்றினால், கணிசமான பூனைகள் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வருகின்றன. கறுவல் இன்னும் அங்கு வரவில்லை. ஆனால் குதி தூக்கி நடக்கிறது.

மண்பானை

மின்சாரம் போன இரண்டாம் நாள் ஆச்சியின் மகன் என்னிடம் வந்தார். ஆச்சியின் குப்பியில் சொற்பமே மிச்சம். கிளினிக் நாள் அந்தக் கிழமைதான். பாதை மூடியிருந்தது. "உங்களிடம் இருப்பதை அம்மாவுக்குப் போடலாமா?" என்று கேட்டார்.

கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனால் ஆச்சி எடுப்பது கலவை இன்சுலின், என்னிடம் இருந்தது கிளார்ஜின். ஒன்றுக்கு மற்றதை நாங்களாக மாற்றிப் போட முடியாது. அது திறந்து பாவித்த காட்ரிட்ஜும்கூட. தொலைபேசி கிடைத்த நேரத்தில் மகன் ஒரு வைத்தியரிடம் கேட்டார். இருப்பதை ஒழுங்காகப் போடுங்கள், பாதை திறந்ததும் வாருங்கள், மாற்ற வேண்டியிருந்தால் அளவை நான் சொல்கிறேன் என்றார் அவர். அதுவரை இரண்டையும் கெடாமல் வைத்திருப்பதே எங்கள் வேலை.

அப்போதுதான் அம்மம்மா நினைவுக்கு வந்தார். 1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கிய பின் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடைக்குள் மருந்து அளந்துதான் வந்தது. அம்மம்மா தன் இன்சுலினை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், இன்னொரு சிறு முட்டிக்குள் வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது அந்தச் சிறு முட்டியை ஈரத்துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனதாக அம்மா சொல்வார். அந்த வீட்டுப் பூனையைக் கொண்டுபோக முடியவில்லை என்பதையும் சொல்வார்.

அம்பிட்டியவில் ஆச்சியின் மகன் பானை கொண்டுவந்தார். நான் மணல் நனைத்தேன். இரண்டு இன்சுலினும் ஒரே முட்டிக்குள் இருந்தன. மூன்றாம் நாள் பாதை திறந்தது, குப்பியும் கிடைத்தது.

அம்மம்மாவின் பானை வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் வட கென்யாவின் டகஹாலே அகதி முகாமின் வெப்பநிலையை அடிப்படையாக வைத்து நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் சூட்டில் நான்கு கிழமை வைத்த இன்சுலினும் தன் வீரியத்தை இழக்கவில்லை என்று காட்டியது. பிரிட்ஜ் இல்லை என்பதற்காக யாரும் இன்சுலினை நிறுத்த வேண்டியதில்லை. முகாமில் வாழ்ந்த எங்களுக்கு இது முன்பே தெரிந்த செய்தி. எழுதி வைக்கத்தான் யாரும் இருக்கவில்லை.

கேட்க வேண்டியது யாரிடம்

2008 செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு அங்கு மருந்து போகாமல் தடுக்கப்பட்டதை 2015 ஆம் ஆண்டின் ஐ.நா. மனித உரிமை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2022 இல் மருந்து இல்லாமல் போனது காசில்லாமல். 2025 இல் பாதை இல்லாமல். காரணங்கள் ஒன்றல்ல, ஒன்றாக்கவும் கூடாது. முதலாவது வேண்டுமென்றே செய்யப்பட்டது. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் இன்சுலின் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மிச்ச நாட்களை எண்ணும் மனிதருக்கு மூன்றும் ஒரே கணக்கு.

ஆகவே பூனைக்காரரையும் ஆச்சியையும் எதிரெதிரே நிறுத்துவது பிழையான கேள்வி. கேட்க வேண்டியவை வேறு. அனர்த்த அபாயமுள்ள ஒவ்வொரு பிரதேசத்திலும் கிளினிக் இன்சுலின் எத்தனை நாளுக்கு மேலதிகமாக இருக்கிறது? பாதை மூடப்படும் என்ற எச்சரிக்கை வந்ததும் நோயாளிக்கு அடுத்த மாத மருந்தை முன்கூட்டியே கொடுக்க ஏன் ஏற்பாடில்லை? குளிரூட்டி இல்லாத வீட்டில் மருந்தை எப்படி வைப்பது என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் கிளினிக்கில் ஏன் தொங்கவில்லை?

மிருகங்கள் பற்றியும் ஒன்று கேட்கலாம். நாட்டின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. அம்பிட்டியவில் இருப்பதால் எனக்கு அது பஸ் தூரம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்கு அருகில் இருப்பது மாடும் ஆடும் கோழியும் பார்க்கவென்று அமைந்த அரச மிருக வைத்தியப் பணிமனை. போருக்குப் பின் தனித்துப்போன எத்தனையோ முதியவர்களுக்கு வீட்டில் பேச்சுத் துணை ஒரு பூனையோ நாயோதான். அதன் வருத்தம் அவர்களுக்குச் சின்ன விடயமல்ல.

ஆச்சி இப்போது காலையில் தன் ஊசியைப் போட்டுவிட்டு என் கதவைத் தட்டுகிறார், கறுவலுக்குப் போட்டாயிற்றா என்று கேட்க. நேரம் ஏழு. பானையை நாங்கள் இன்னும் எடுத்து வைக்கவில்லை. மழை மறுபடி வரும்.