சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜுகளை நிறுவ 'என்பிஎம் இன்ஸ்டால்' கொடுத்துத் திரையில் சிவப்பு எழுத்து வந்த உடனே, படிக்காமலே 'ஃபோர்ஸ்' சேர்த்து மறுபடி ஓட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பதில் பெரும்பாலும் அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. 'ஈரிசால்வ்' என்று வந்தால் கீழேயே பாருங்கள்: உங்கள் புராஜெக்ட்டில் இருப்பது ரியாக்ட் 18, நீங்கள் கேட்கும் பேக்கேஜுக்கு வேண்டியது 17 என்று பெயரோடு எழுதியிருக்கும். 2020-இல் என்பிஎம் 7 வந்ததிலிருந்து இப்படி ஒத்துவராதபோது இன்ஸ்டால் நின்றுவிடுகிறது. நிற்பது நல்லதற்குத்தான். ஃபோர்ஸ் போட்டால் முரண்பாடு தீராது. செயலி வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு வெடிக்கும். அந்த பேக்கேஜின் புதிய பதிப்பைத் தேடுவதுதான் முறை.

சி++ நிரலைத் தொகுக்கும் 'நோட்-ஜிப்' பிழைக்குப் பெரும்பாலும் பைத்தானோ சி++ கம்பைலரோ இல்லாததே காரணம். அனுமதி மறுப்பு வந்தால் 'சூடோ' வேண்டாம். நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் வழியாக நோடை நிறுவுங்கள்.

பிழை வந்தால் 'லாக் ஃபைலை அழித்துவிடு' என்று ஜூனியர்களுக்குச் சொல்லும் மூத்தவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நேற்று ஓடிய பதிப்புகள் எவை என்பதற்கு அந்தக் கோப்புதான் சாட்சி. அடுத்தவர் நிரல் மாறலாம், மறையவும் செய்யலாம். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை எழுதியவர் என்பிஎம்-இலிருந்து நீக்கியதும் உலகெங்கும் புராஜெக்ட்டுகள் நின்றுபோயின. முகம் தெரியாதவர்களின் நிரலை நம்பித்தான் நம் வேலை நடக்கிறது.

கல்லூரிகளே, பயிற்சி மையங்களே, பிழைச் செய்தியை வாசிப்பதையும் பாடத்தில் சேருங்கள்.