நிற்பவளுக்குக் கோட்டு, நடப்பவளுக்கு ஜெக்கட்

சென்ற வருடம் ஜனவரியில் எங்கள் வகுப்பு ஹோட்டன் சமவெளிக்குக் களப்பயணம் போனது. அதற்கென்று உம்மா ஒரு கோட்டு வாங்கித் தந்தார். உள்ளே பஞ்சு வைத்து, முழங்கால் வரை நீண்டு, தலையணை போல் இருந்தது. "நுவரெலியாவுக்கே தாங்காத புள்ள, இது இல்லாம எப்படி?" என்றார். நுவரெலியாவுக்கு நாங்கள் குடும்பத்தோடு வேனில் போவோம். இறங்கிப் படம் எடுப்போம், குளிர்ந்தால் ஏறிக்கொள்வோம். அந்தப் பயணத்திற்கு அந்தக் கோட்டை விடப் பொருத்தமானது வேறில்லை.

ஹோட்டன் சமவெளியில் வேன் வாசலோடு நின்றுவிடும். பிறகு ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடை. அரை மணித்தியாலத்திலேயே எனக்கு வியர்த்துக் கொட்டியது. பஞ்சுக் கோட்டுக்குள் வியர்வை வெளியேற வழியில்லை. உள்ளே அணிந்திருந்த பருத்திச் சட்டையும் கழுத்தைச் சுற்றியிருந்த ஸ்கார்ஃபும் நனைந்தன. கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சின்ன உலக முடிவை நெருங்கியபோது காற்று வந்தது. ஈரச் சட்டையில் அது பட்டதும் பல் கிட்டத் தொடங்கியது. கோட்டைத் திரும்பப் போட்டும் நடுக்கம் அடங்கவில்லை. கூட வந்த ஆசிரியை ஒருவர் என்னை வாசலுக்கு அழைத்துச் சென்றார். எனக்குத் துணையாக என் தோழியும் திரும்பி வந்தாள். பெரிய உலக முடிவை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

வீட்டில் உம்மும்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பொம்பளப் புள்ளகளுக்கு மலையெல்லாம் ஒத்து வராது மகள்." பலருடைய வீடுகளிலும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். என் கருத்து வேறு. பிழை மலையிலும் இல்லை, என்னிலும் இல்லை. நிற்பவருக்கான உடுப்பை நடப்பவருக்குப் போட்டு அனுப்பியதுதான் பிழை.

புவியியல் பாடத்தில் படித்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1,000 மீற்றர் உயரும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. கொழும்பில் 28 பாகை என்றால் அங்கே 14, 15. இது பகல் கணக்கு. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி கூட விழும். ஆனால் நடக்கிறவரின் உடல் ஓர் அடுப்பு. அவரை வாட்டுவது குளிரை விட ஈரமும் காற்றும்தான். நீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சொப்ட் ஷெல் எனப்படும் ஜெக்கட் இதற்காகவே வந்தது. நைலோன் அல்லது பொலியெஸ்டர் நூலை இறுக்கமாக நெய்து, இழுபடும் தன்மை கொடுத்து, உட்புறத்தை மென்மையாக்கி, வெளிப்புறத்தில் நீர் ஒட்டாத பூச்சு பூசுவார்கள். காற்றை மறிக்கும், வியர்வை ஆவியை வெளியே விடும், தூறலைத் தாங்கும். பெருமழையைத் தாங்காது. தையல்களினூடே நீர் இறங்கிவிடும். கடைக்காரர் "ஃபுல் வோட்டர்ப்ரூஃப் தங்கச்சி" என்றால் நம்பாதீர்கள். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. அங்கே போகிறவர் பையில் மெல்லிய மழை அங்கி ஒன்றும் இருக்க வேண்டும். இரவில் கூடாரத்தருகே அசையாமல் உட்காரும்போதும் சொப்ட் ஷெல் மட்டும் போதாது. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.

சில ஜெக்கட்டுகளில் துணிக்கு நடுவே காற்றே புகாத மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். விலையும் கூட. துணியில் வாயை வைத்து ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மூச்சு மறுபக்கம் வராவிட்டால் படலம் உண்டு. நமது நாட்டு ஈரப்பதனுக்குப் படலம் இல்லாததே நல்லது என்பது என் எண்ணம். இமயமலைக்குப் போகும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நமக்கு மட்டுமான விஷயம். கண்டியில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது நானாவின் சொப்ட் ஷெல்லை இரவல் வாங்கி ஹந்தானை மலையில் நடந்து பார்த்தேன். வியர்வைத் தொல்லையே இல்லை. ஆனால் கையை உயர்த்தும்போதெல்லாம் ஜெக்கட் இடுப்புக்கு மேல் ஏறியது. ஸ்கார்ஃபுக்கு மேல் தொப்பி ஏறவில்லை. ளுஹருக்கு ஓடையில் வுழூ எடுக்கப் போனால், மணிக்கட்டு இறுக்கமாக இருந்ததால் கை முழங்கை வரை மடங்க மறுத்தது. முழுவதும் கழற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கடையில் கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஸ்கார்ஃபோடு தொப்பியைப் போட்டுத் தலையைத் திருப்புங்கள். கைகளை உயர்த்துங்கள், குனியுங்கள், ஒரு காலை நாற்காலியில் வையுங்கள். தொடை வரை நீண்டதாக, கீழிருந்தும் திறக்கக்கூடிய ஸிப் உள்ளதாக இருந்தால் மலையேறும்போது காலைத் தடுக்காது. மணிக்கட்டில் ஒட்டுப்பட்டி இருப்பது நல்லது. ஸ்கார்ஃபும் பருத்தியாக வேண்டாம், சீக்கிரம் காயும் மெல்லிய துணியாக இருக்கட்டும்.

"ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவு செலவா?" என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெருநாள் உடுப்பை எத்தனை தரம் போடுகிறோம்? நம் நாட்டின் முதன்மைக் கைத்தொழில் ஏற்றுமதியே ஆடைதான். மிஞ்சும் உடுப்புகள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் வருகின்றன. பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டிருக்கும், துணி அதேதான். எனக்கும் அங்கேதான் ஒன்று கிடைத்தது, பெருநாள் உடுப்பின் விலைக்கும் குறைவாக. நிறம் மட்டும் ஒரு மாதிரி ஊதா. வாங்கும்முன் கைப்பகுதியில் நாலு துளி நீர் விட்டுப் பார்த்தேன், உருண்டு ஓடியது. கழுவும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடக்கூடாது, பூச்சு செயலிழந்துவிடும். இதை உம்மாவுக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று.

அடுத்த தவணை மறுபடியும் ஹோட்டன் சமவெளிக்குக் களப்பயணம். என் தோழி பெயர் கொடுத்துவிட்டாள். அனுமதிக் கடிதத்தில் வாப்பா ஒப்பமிட்டார். உம்மா, "சஞ்சிகை வரட்டும், நீ எழுதினதைப் படிச்சிட்டுச் சொல்றேன்" என்று கடிதத்தை அலுமாரியில் வைத்திருக்கிறார்.