காற்றை உண்டு வாழ்தல் கூடுமோ?

சென்ற மார்கழித் திங்களில் சிவாலயம் ஒன்றன் மண்டபத்தே நிகழ்ந்த சொற்பொழிவொன்றைக் கேட்க நேர்ந்தது. "உடம்பிற்கு ஆற்றல் சோற்றினால் வருவதன்று, பிராணனால் வருவது. பிராணனை நேரே கொள்ளப் பழகியவர்க்கு உணவு வேண்டா. ஞாயிற்றை நோக்கி நிற்றலே அமையும். சைவ நூல்களின் முடிபும் இதுவே" என்பது அவ்வுரையின் பிழிவு. பயிற்சிக்குக் கட்டணமும் உண்டாம். உரை முடிந்தபின் அளிக்கப்பெற்ற வெண்பொங்கலைப் பேச்சாளர் மறுத்திலர் என்பதையும் கூறிவிடுதல் முறை. அவர் எதனை உண்டு வாழினும் வாழ்க. கேட்டிருந்தோருள் நீரிழிவுக்கு மருந்துண்ணும் முதியோர் பலர். அவர்க்கு இதனைச் சைவத்தின் பெயரால் உரைத்தமையே எம்மை எழுதத் தூண்டிற்று.

முதற்கண் உலகியலை நோக்குவாம். யாம் உள்ளிழுக்கும் உயிர்வளி எரிபொருள் அன்று. உண்டதனை எரித்தற்குத் துணையாவது. கொல்லன் உலையில் துருத்தி ஊதுங்கால் நெருப்பு ஓங்குதல் உண்மையே. அதுகொண்டு கரி வேண்டா, துருத்தியே போதும் என்பார் உளரோ? ஞாயிற்றொளியை உணவாக்குதற்குப் பச்சையம் வேண்டும். அது புல்லுக்கும் மரத்திற்கும் உண்டு, நமக்கு இல்லை. வெயில் பட்ட தோலில் ஓர் உயிர்ச்சத்து உண்டாதல் மெய். அது என்புக்கு உறுதி தருமேயன்றி எரிபொருள் ஆகாது. 1999-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டில் இக்கொள்கையின் தலைவியார் ஒருவரைத் தொலைக்காட்சியார் காவலில் வைத்துச் சோதித்தபோது, நான்காம் நாளிலேயே நீர் வற்றி உடல் நலியக் கண்ட மருத்துவர் சோதனையை நிறுத்துவித்தார். அவர் நூலைப் பின்பற்றிய பெண்மணி ஒருவர் அதே ஆண்டில் ஸ்காத்துலாந்தில் உயிர் நீத்தார்.

அற்றேல், திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் மூச்சினை அடக்கும் நெறி கூறினாரே எனின், கூறினார். ஆயின் அவ்வட்டாங்கத்தின் முதற்படியாகிய இயமத்தை உரைக்குமிடத்தே பகுத்துண்டலையும் யோகிக்கு இயல்பாக வைத்தார். உண்ணாதவன் எதனைப் பகுப்பது? திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தகாலை, சம்பந்தரும் நாவரசரும் அடியார்க்குக் காற்றுண்ணும் வித்தை கற்பித்திலர். இறைவன் நாடோறும் படிக்காசு அருள, அது கொண்டு அமுதூட்டினர். பிள்ளையார்க்கு வாசியுள்ள காசு வந்தமையால் அவர் மடத்தில் அமுது காலந்தாழ்ந்தது என்பதையும் சேக்கிழார் மறைத்திலர். இளையான்குடி மாறனார் நள்ளிரவின் மழையில் விதைநெல்லை வாரி வந்தது எற்றுக்கு? நீற்றறையில் ஏழு நாள் நாவரசர் ஊனமின்றி இருந்தாரன்றோ எனின், அது திருவருளின் செயல். கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் பயிற்சி அன்று.

இனி இதற்கு மறுதலையாய், "உணவின் வெப்பமே மனிதன், அதன்மேல் ஒன்றில்லை" என்பாரை நோக்குவாம். இவர் முன்னவரினும் கல்வியுடையார். இவர் கணக்கில் பிழையில்லை. மாச்சத்து ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோ கலோரியும் கொழுப்பு 9-உம் தருதல் உண்மை. அமெரிக்காவில் அட்வாட்டர் என்பார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடிய அறையொன்றில் மக்களை நாட்கணக்கில் இருத்தி அளந்தபோது, உணவின்வழி வந்த ஆற்றலும் வெப்பமாயும் உழைப்பாயும் சென்ற ஆற்றலும் ஏறத்தாழ முற்றும் ஒத்து நின்றன. நம்மவருட் சிலர், கணக்கிற்படாத எஞ்சிய சிறு பகுதியே சிவசத்தி என்று அறிவியலாரோடு வாதிடுவர். அஃது அறியாமை. சத்தி விறகோடு விறகாய் அடுப்பில் நிற்பதன்று.

ஆயினும், வரவும் செலவும் ஒத்தமையால் செலவிடுவான் ஒருவன் இல்லை என்று முடித்தல் யாங்ஙனம்? 1929-இல் இலாகூர்ச் சிறையில் யதீந்திரநாத தாசர் 63 நாள் உண்ணாதிருந்து உயிர் துறந்தார். அந்நாள்களில் அவருடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே நின்றது; இது மருத்துவர் கணக்கு, ஒப்புகின்றோம். வலிந்து ஊட்ட முயன்றார்க்கும் அவர் இணங்கிலர். பசி உடம்பினது; உணவை விழைவதும் உடம்பே. மறுத்தது எது? எரிபொருள் தன்னைத்தான் மறுக்குமோ? மூளையின் செயலே மறுத்தது எனின், அம்மூளையும் அவ்வுணவால் நிற்பதன்றோ? தன்னை நிறுத்துவதனையே வேண்டாவென்று தள்ளும் துணிவு சடத்திற்கு யாண்டுமில்லை.

மெய்கண்டதேவர் மூன்றாஞ் சூத்திரத்தில் இவ்விரு திறத்தார்க்கும் ஒருங்கே விடை வைத்தார். உறங்குவான்மாட்டுப் பிராணவாயு குறைவின்றி இயங்குகின்றது. ஆயினும் நுகர்ச்சியுமில்லை, தொழிலுமில்லை. ஆதலின் பிராணனும் உயிரன்று. அதுவும் உடம்புபோல மாயையின் காரியமாகிய சடமே. பிராணனை இறைவனாக உயர்த்தும் நம் பேச்சாளரும், வெப்பத்தை மனிதனாக்கும் மற்றையாரும் இடறிய கல் ஒன்றே: கருவியைக் கருத்தாவாகக் கொண்டமை. இனி உயிரும் தானே நின்று உடம்பை இயக்கவல்லதன்று. மலத்தால் மறைப்புண்டு கிடக்கும் அதனைத் திரோதான சத்தி உடனின்று தொழிற்படுத்தலாலேயே உண்டலும் உழைத்தலும் உளவாகின்றன. அச்சத்தி சோற்றுக்கு மாற்றாய் வருவதன்று. சோறும் காற்றும் உயிரும் தத்தம் தொழிலில் நிற்கச் செய்வது. மருந்துண்ணும் முதியோர் வேளை தவறாது உண்ணலாம். அதனால் அவர் சிவநெறியில் ஒரு குறையும் நேராது.