குடிநீர்க் குழாயும் காவிரி மீனும்

காவிரியிலிருந்து குடிநீர் எடுக்கும் கட்டடங்களைப் பழுது பார்ப்பதற்கும், அந்நதியில் வாழும் மீனினம் ஒன்று அழியாமற் காப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நம் நேயர்களிற் சிலர் வியக்கக்கூடும். சம்பந்தம் உண்டு, அது மத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களின் அன்றாட ஜீவனத்தைத் தொடும் சம்பந்தமுமாகும். வனத்துறை அதிகாரிகளும் குடிநீர் வாரியத்து இஞ்சினீயர்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று பொதுஜனங்கள் ஒதுங்கி நிற்கத்தக்க விஷயம் அன்று இது.

முதலில் தண்ணீரின் கதையைப் பார்ப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் பூமி கருங்கற் பாறையின்மேல் அமைந்தது. அப்பாறையிலிருந்து கரையும் புளோரைடு என்னும் உப்பு, கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கலந்துவிடுகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அவ்வளவைத் தாண்டிய நீரைப் பல்லாண்டு பருகியவர்களின் நிலையை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. இவ்வூர்களில் நடமாடுவோர் கண்ணாற் கண்டதே. குழந்தைகளின் பல்லிற் பழுப்புக் கறை. பெரியவர்களுக்கு மூட்டு மடங்காத வேதனை. நோய் முற்றியோருக்கு முதுகெலும்பே விறைத்துப்போதல். காய்ச்சிக் குடித்தால் தீருமா என்றால், தீராது. நீர் வற்ற வற்ற அவ்வுப்பின் அடர்த்தி ஏறுமேயன்றிக் குறையாது.

இக்கொடுமைக்குப் பரிகாரமாக வந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1998-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் இதற்கு ஆட்சேபமில்லை என்றது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. உடனே கர்நாடகத்தில் கிளர்ச்சி எழுந்ததும், வேலை சில காலம் தயங்கி நின்றதும் நேயர்கள் மறந்திரார். ஜப்பானிய நிதி நிறுவனத்தின் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பில், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அதைக் கட்டியது. 2013 மே மாதத்தில் திறப்பு விழா நடந்தது. இரு ஜில்லாக்களிலுமாக 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி 33 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். அவர்களுக்கு விஷமற்ற நீர் கிடைக்க வழிசெய்த வேலையை எந்தக் காரணத்தை முன்னிட்டும் முடக்கலாம் என்று சொல்வோர் பக்கம் நாம் சேரமாட்டோம். ஆற்றங்கரையில் ஒரு நாள் மோட்டார் நின்றால், மலையும் மேடும் கடந்து நெடுந்தொலைவிலுள்ள மத்தூரிற் குடம் காலியாகும். குடம் காலியானால் ஏழை ஜனங்கள் மறுபடியும் அந்தப் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நாடுவர். பழுது பார்த்தல் என்பது இங்கே நோய் தடுத்தல்.

இனி மீனின் கதை. காவிரிக்கே உரிய பெரிய கெண்டை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதைக் கூன்முதுகு மகாசீர் என்றனர். 1946-ஆம் ஆண்டில் மைசூர் ராஜ்யத்துக் கபினியாற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலிற் பிடித்த மீனின் நிறை 120 ராத்தல். நம் கணக்கில் 54 கிலோ. நல்ல வாலிபன் ஒருவனின் எடைக்கு அதிகமாகக் குறையாது. இத்தகைய மீனைப் பிடிப்பதற்கென்றே வெள்ளைக்கார துரைமார்கள் கப்பலேறி வந்தார்கள். வந்தவர்கள் பிடித்தார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அம்மீனுக்கு விஞ்ஞான முறைப்படி சரியான பெயர் இன்னதென்று நூற்றைம்பது ஆண்டுகளாக ஒருவரும் நிச்சயிக்கவில்லை. 2018-ஆம் ஆண்டிலேதான் அது தீர்ந்தது. கேரளத்துப் பாம்பாற்றில் (நம் ஊத்தங்கரைப் பாம்பாறு அன்று, அமராவதியிற் கலக்கும் வேறொரு பாம்பாறு) கண்டெடுத்து விவரிக்கப்பட்ட சிறு மீன்களும் காவிரியின் இந்தப் பெருமீனும் ஒரே இனம் என்று ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர். அதன் விஞ்ஞானப் பெயர் 'டோர் ரெமாதேவி'. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு ஸ்தாபனத்திற் பணியாற்றிய டாக்டர் கே. ரெமாதேவியின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. உலகப் பிரசித்தி பெற்ற மீனுக்குத் தென்னாட்டு விஞ்ஞானி ஒருவரின் பெயர் நிலைத்தது நமக்குச் சந்தோஷமே. அந்தச் சந்தோஷத்தோடு கூடவே வந்த செய்தியோ துக்ககரமானது. அதே 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார், அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில், 'மிக மோசமான அபாயம்' என்னும் வகுப்பில் அதைச் சேர்த்தனர். காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. மோயாற்றிலே எஞ்சியிருப்பவையே இன்று பெரும் நம்பிக்கை.

அது ஏன் குறைந்தது? வெடிமருந்து ஒரு காரணம். நீரில் வெடிவைத்தோ விஷம் கலந்தோ மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருந்தும் அது அறவே ஒழியவில்லை. அணைகள் மற்றொன்று; மணற் கொள்ளை இன்னொன்று. நல்லெண்ணத்தோடு செய்த ஓர் உபகாரமும் அபகாரமாய் முடிந்தது. 1970-களிலிருந்து பம்பாய்ப் பக்கத்து லோனாவலாவில் வளர்த்த நீலத் துடுப்பு மகாசீர்க் குஞ்சுகளைக் காவிரியிற் கொண்டுவந்து விட்டார்கள். 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர்கள் வைத்திருந்த கணக்குகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகுவதும் சொந்த மீன் குஞ்சுகளின்றிக் குறைவதும் தெளிவாய்த் தெரிந்தது. வேற்றுச் சரக்கைக் கொட்டி உள்ளூர்ச் சரக்கைக் கெடுக்கும் வித்தை துணிக்கடையில் மட்டும் நடப்பதில்லை போலும்!

மீனையும் மனிதனையும் ஒரே வேளையில் ஒரே இடத்திற் கொண்டுவந்து நிறுத்துவது கோடைகாலம். ஆறு மெலியும்போது பெரிய மீன்கள் பாறைகளுக்கிடையேயுள்ள ஆழமான மடுக்களில் ஒதுங்கிக்கொள்கின்றன. தென்மேற்குப் பருவ மழையின் புதுவெள்ளம் வரும்வரையில் அம்மடுவே அவற்றுக்கு வீடும் கோட்டையும். இஞ்சினீயருக்கும் அதுவே தோதான காலம். நீர் வாங்கும் கிணற்று வாயிலிற் படிந்த மணலை வார வேண்டுமா, கம்பித் தடுப்பை மாற்ற வேண்டுமா, சுவரின் விரிசலை அடைக்க வேண்டுமா, ஆறு மெலிந்தால்தான் கைவைக்க முடியும். மண் மூட்டையை அடுக்கி நீரைத் திருப்புவார்கள், மடு வற்றும். மேலிருந்து வாரிய மணல் கீழே கலங்கிச் சென்று கூழாங்கற்களிடையே படியும். மீன் முட்டையிடுவது அந்தக் கூழாங்கற்களில். மூன்று நாள் வேலையில் முப்பது வருஷத்து மீன் போய்விடலாம். இதிற் கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. மீன் அங்கே இருப்பதைக் கந்திராக்டர் அறியார். அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்கவில்லை.

இவ்விஷயம் எழுந்தவுடன், "மீன் பெரிதா, மனிதன் பெரியவனா?" என்று மேஜையைக் குத்துவோர் ஒரு கூட்டம், "ஆற்றிற் கைவைக்காதே" என்று அறிக்கை விடுவோர் மற்றொரு கூட்டம். முதற் கூட்டத்தார் நாலாயிரம், ஐயாயிரம் கோடி ரூபாய்த் திட்டங்களைப் பற்றி இவ்வளவு ஆத்திரத்தோடு கேள்வி கேட்டதை நாம் கண்டதில்லை. இரண்டாங் கூட்டத்தாரிற் பெரும்பாலோர் புளோரைடு நீர் குடித்து வளர்ந்தவர்கள் அல்லர். இரு சாராருக்கும் அமெரிக்க தேசத்து உதாரணம் ஒன்றை நினைவூட்டுகிறோம். டென்னஸி மாகாணத்தில் டெல்லிகோ என்னும் அணை முடியுந் தறுவாயில், 1973-ல் விரலளவேயான ஒரு மீன் அவ்வாற்றிற் கண்டறியப்பட்டது. 1978-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அணையை நிறுத்தியது. மறுவருஷமே காங்கிரஸ் சபை விலக்களித்து அணையை முடித்துக்கொண்டது. அம்மீனோ வேறு ஆறுகளிற் கொண்டுபோய் விடப்பட்டும், வேறிடங்களிற் புதிதாய்க் கண்டறியப்பட்டும் பிழைத்து, 2022-ல் அபாயப் பட்டியலிலிருந்தே நீங்கியது. அத்தனை வியாஜ்யமும் பட்டதன் காரணம், முதலிலேயே ஆற்றைத் தேடிப் பாராமையே. அங்கே தாகத்துக்குத் தண்ணீர் என்ற பிரச்னையும் இல்லை. நமக்கு இருக்கிறது; ஆகவே நாம் இன்னும் முன்கூட்டியே தேட வேண்டியவர்கள்.

நம் நாட்டுப் பழைய அநுபவமும் அதையே சொல்கிறது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. தஞ்சை ஜில்லாவின் பாசனத்துக்கு அது செய்த நன்மையை எவரும் மறுக்கார். ஆனால் கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் என்னும் மீனின் ஏற்றம் அதற்குப் பின் நசித்தது. அன்று அதைப் பற்றிக் கவலைப்பட அரசாங்கம் நம்முடையதாக இல்லை. இன்று அந்தச் சாக்கு நமக்குக் கிடையாது.

பழுது பாராமல் விட்டுவிட்டாலாவது மீன் பிழைக்குமோ என்றால், அதுவும் இல்லை. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகுக் கதவு ஒன்று உடைந்தது. 52 அடி உயரத்துக்குத் தேக்கக்கூடிய அணையில், தேங்கிய நீர் கட்டுக்கடங்காமல் வெளியேறியதையும், அதன் பின் கதவுகளை மாற்றும் வரை நீர்மட்டத்தைத் தாழ்த்தியே வைத்திருக்க நேர்ந்ததையும் இந்த ஜில்லாவார் அறிவார்கள். குடியானவன் ஒரு போக நீரை இழந்தான். அணையில் வாழும் ஜீவன்களுக்கும் இடம் சுருங்கிற்று. காலத்திற் செய்யாத பழுது வேலை அவசர வேலையாய் மாறும். அவசர வேலைக்கு மீனும் தெரியாது, பயிரும் தெரியாது.

ஆகையால், பராமரிப்பைக் குறை என்று நாம் கேட்கவில்லை; அதற்கு ஒரு காலக் கணக்கு வை என்று கேட்கிறோம். காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022 நவம்பரில், 686 சதுர கிலோமீட்டர் பரப்பில், இவ்விரு ஜில்லாக்களின் காடுகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. நீர்நாயும் முதலையும் லீத் ஆமையும் அங்கே காப்புப் பெற்றுள்ளன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சரணாலயத்துள் வரும் நீரோட்டத்தையோ வெளிச்செல்லும் நீரோட்டத்தையோ அனுமதியின்றித் தடுக்கவும் திருப்பவும் கூடாது என்கிறது. இப்பிரிவைக் கண்டிப்பாய்ப் படித்தால் அவசரக் காரியத்துக்கும் காகிதம் சென்னைக்குப் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். அலட்சியமாய்ப் படித்தால் சட்டம் இருந்தும் பயனில்லை. வாரியமும் வனத்துறையும் மீன்வளத்துறையும் கூடி, எந்தெந்த வேலைக்கு எந்த மாதம், எந்த மடுவைத் தொடலாகாது, நீரைத் திருப்புமுன் மீன்களை யார் பிடித்துப் பாதுகாப்பாக விடுவது என்று ஒரு நிரந்தர ஏற்பாடு செய்துகொள்வதில் என்ன தடை? பரிசல் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் மடுக்களின் பெயரும் ஆழமும் சொல்வார்கள். அதற்கு விசேஷக் கமிட்டி வேண்டியதில்லை. நீர் வாங்கும் வாயிலில் குஞ்சுகள் புகாத நெருக்கமான சல்லடையும், வடிகட்டிகளைக் கழுவிய படிகாரச் சேற்றை ஆற்றில் விடாமல் உலர்த்தும் தொட்டிகளும் திட்டச் செலவில் ஒரு துளியே. 2021-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாங் கட்டத் திட்டத்தின் கணக்கில் இவற்றை இப்போதே சேர்த்துவிட வேண்டும். பிற்பாடு சேர்க்க நினைத்தால் அதற்காகவே ஆற்றை மறுபடியும் கலக்க நேரும்.

இத்தனையும் நாம் செய்தாலும், மேலே இருப்பவர்கள் செய்யாவிட்டால் பயன் பாதிதான். பெங்களூர் நகரம் 1974 முதல் காவிரி நீரைக் குடித்துவருகிறது. 2024 அக்டோபரில் திறந்த ஐந்தாங் கட்டத்தால் மட்டும் நாளொன்றுக்கு 77 கோடி லிட்டருக்கு மேல் கூடுதலாய்ப் பெறுகிறது. தாகத்துக்குக் குடிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அந்நகரிலுள்ள தமிழர்களும் அதைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் குடித்த நீர் எங்கே போகிறது? ஒரு பகுதி அர்க்காவதி வழியே அழுக்காய்க் காவிரிக்கே திரும்புகிறது. மற்றொரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குகிறது. அந்த நுரையைப் பத்திரிகைகளிற் படமாய்ப் போட்டு அதிசயிக்கிறோம். காவிரியைத் தெளிவாய் வாங்கிக்கொண்டு பெண்ணையிற் சாக்கடையாய்த் திருப்பித் தருவது எந்த நதிநீர் தர்மத்தில் எழுதியிருக்கிறது? ஓசூர்த் தொழிற்சாலைகளின் கழிவும் அதிற் கலவாமலில்லை. கெலவரப்பள்ளிக்கு வரும் நீரைப் பற்றிப் புகார் சொல்லும் நாம், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நீருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கர்நாடக சர்க்கார் கட்ட விரும்பும் மேகதாட்டு அணையோ, 67 டி.எம்.சி. நீரைத் தேக்கும் என்பது அவர்களுடைய திட்டம். பெங்களூரின் குடிநீருக்கென்று அதிற் சொல்லப்படுவது 4.75 டி.எம்.சி. மட்டுமே. கூன்முதுகு மகாசீர் ஓடி வாழ்ந்த பாறையாற்றின் நடுப்பகுதி அதனால் தேங்கிய குளமாகிவிடும். அதைத் தமிழ்நாடு எதிர்ப்பது விவசாயியின் நீருரிமைக்காக. அந்த எதிர்ப்பில் மீனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால், ஒகேனக்கலில் நம் கை சுத்தமாய் இருக்க வேண்டும். கீழே மடுவை வற்ற அடித்துவிட்டு மேலே மீனுக்காக வாதாடினால் நீதிமன்றத்திற் சிரிப்பார்கள்.

தமிழ்நாட்டுக் கிராம சபைகள் மார்ச் 22-ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, கூடுகின்றன. கோடை வேலைகள் மும்முரமாகுமுன் வரும் தேதி அது. எந்த நாட்களில் குழாய் நிற்கும், அந்நாட்களில் எந்த ஊருக்கு லாரி நீர் எத்தனை, ஆற்றில் எந்த இடத்தில் என்ன வேலை, மீனுக்குச் செய்த ஏற்பாடு என்ன என்பதை ஒரே தாளில் அச்சிட்டு, மத்தூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு கிராம சபையிலும் வாரியத்தின் உத்தியோகஸ்தர் ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். வாசிக்க ஆள் வராத சபையில், ஏன் வரவில்லை என்று தீர்மானம் எழுதி ஜில்லா கலெக்டருக்கு அனுப்பும் வேலையை நம் தொண்டர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.